ஒரே கிணறு, வேறு வேறு பற்கள்

சேலம், நாமக்கல் சமவெளியின் வறண்ட ஊர்களில் பழுப்பேறிய முன்பற்களைக் கண்டால், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தாய் என்று கேட்பவர் குறைவு. பல் துலக்காத பிள்ளை என்பார்கள். பெண் பார்க்கப் போன இடமென்றால், அந்த வம்சத்துப் பல்லே அப்படித்தான் என்று முடித்துவிடுவார்கள். இந்த இரண்டாவது ஏச்சை அறிவியல் முதலில் முற்றாக மறுத்தது. பின்னர் பக்கவாசல் வழியே சிறிதளவு உள்ளே அனுமதித்தது.

மறுப்பின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்த பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் கறையைக் கண்டு தண்ணீரைச் சந்தேகித்தார். 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் ஃபுளோரைடைக் காட்டிக்கொடுத்தார். ஆறே ஆண்டுகளில், 1937-இல், ஷார்ட் குழுவினர் நம் சென்னை மாகாணத்து நெல்லூரில், பல்லோடு முதுகெலும்பையும் இறுக்கிவிடும் ஃபுளோரைடு நோயைப் பதிவு செய்தனர். சேலமும் அதே மாகாணம்தான். தருமபுரி 1965 வரையிலும் நாமக்கல் 1996 முடியவும் சேலத்தின் பகுதிகள். இங்குள்ள நைஸ், சார்னோக்கைட் பாறைகளின் பயோடைட், அபடைட் கனிமங்களில் ஃபுளோரைடு உறைந்திருக்கிறது. பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. ஆக, குற்றம் வம்சத்துடையதல்ல, கிணற்றுடையது.

ஆனால் ஒரே கிணற்று நீர் குடித்த உடன்பிறப்புகளில் ஒருவருக்குப் பல் வெண்மையாகவும் மற்றவருக்குக் குழிவிழுந்தும் இருப்பதேன்? குடித்த அளவும் உணவும் பாதி விடை. மீதியைத் தேடி 2002-இல் எவரெட் குழுவினர் பன்னிரண்டு எலி வம்சங்களுக்கு ஒரே அளவு ஃபுளோரைடு நீரைக் கொடுத்தார்கள். ஒரு வம்சத்தின் பற்கள் விரைவாகவும் கடுமையாகவும் கெட்டன. இன்னொன்றில் பாதிப்பு மிகக் குறைவு. 2008-இல் சீனாவின் ஹெனான் மாகாணக் குழந்தைகளிடம், கொலாஜன் புரதத்துக்கான ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் கொண்டவர்களுக்குப் பற்கறை வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. எனினும் மரபு தனியாகக் கறையை உண்டாக்குவதில்லை. நீரில் மிகுதி இல்லையேல் எந்த மரபணுவும் வாளாவிருக்கும். ஊர்வாய் இந்த நிபந்தனையைத்தான் விழுங்கிவிடுகிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லையேல் 1.5 வரை என்கிறது இந்தியத் தரம். அந்த எண் எல்லாருக்கும் பொது. எளிதில் பாதிப்புறும் உடம்போடு பிறந்த குழந்தைக்கென்று தனிக் கோடு கிடையாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. முன்பற்களின் எனாமல் ஈறுக்குள்ளேயே, பள்ளி வயதின் தொடக்கத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். அன்று எட்டு வயதைத் தாண்டியிருந்த பிள்ளைகளின் சிரிப்பில் காவிரி நீர் எதையும் மாற்றியிருக்க முடியாது. அவர்களுக்குத்தான் இப்போது வரன் பார்க்கிறார்கள்.