குதிரை வளர்க்க ஏக்கர் மட்டும் போதுமா?



"நகருக்கு அருகில் பெரிய பண்ணை நிலம் விற்பனைக்கு. குதிரைப் பண்ணை வைக்க ஏற்றது" என்று வரும் விளம்பரங்களை எனக்கு அனுப்பி, "வாங்கலாமா சார்?" என்று சிலர் கேட்கிறீர்கள். நிலத்தின் விலையைப் பற்றி நான் என்ன சொல்ல? பாண்டிய நாட்டுக் குதிரைகளின் கதையைச் சொல்கிறேன். முன்பணம் கொடுக்குமுன் படித்துவிடுங்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதி. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே காயல் பெரிய துறைமுகமாக இருந்தது. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. காயல் முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதியிருக்கிறார். கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்!

1292 வாக்கில் இங்கு வந்த மார்க்கோ போலோ இன்னொன்றையும் சொல்கிறார். அரசனும் சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100கூட உயிரோடு இருப்பதில்லை. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அவர் சொல்லும் காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கு வருவதை வியாபாரிகள் தடுத்தார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்?

தீனியையும் வாசாப் குறிப்பிடுகிறார்: வறுத்த பார்லி, நெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் குதிரை மாட்டைப் போல அசைபோடும் பிராணி இல்லை. அதன் இரைப்பை சிறியது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. தீனி ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியே உயிரைக் கொண்டுபோய்விடும். பாண்டியனிடம் பணம் இருந்தது, நிலம் இருந்தது. குதிரையை அறிந்த ஆள்தான் இல்லை.

பிற்காலத்தில் கம்பெனியார் தங்கள் படைக்குக் குதிரை வளர்க்க 1824இல் பண்ணை அமைத்தது ஓசூர் அருகே மத்திகிரியில். 1,600 ஏக்கருக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம், குளிர்ந்த காற்று. அதுவே பின்னாளில் கால்நடைப் பண்ணையாக மாறியது.

இனி நம் கரிசல் காட்டுக்கு வருவோம். ஒரு குதிரை நாளொன்றுக்கு சுமார் 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். உலர்ந்த புல் மட்டும் 8 கிலோவாவது வேண்டும். சத்தம் கேட்டால் மிரளும் பிராணி அது. நம் சிவகாசிப் பக்கமோ வெடிச் சத்தத்துக்குப் பேர்போனது. நம் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை!

ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏக்கர் எத்தனை என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கோடையில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்? புல் எங்கிருந்து வரும்? குதிரைக்கு வைத்தியம் தெரிந்த டாக்டர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்?

நிலத்தைப் பார்க்க ஐப்பசி மழையில் போகாதீர்கள். சித்திரை வெயிலில் போங்கள்.