விற்பனைக்கு வரவிருந்த பாஸ்டன் நகர மண்டபம் பாதுகாக்கப்பட்ட சின்னமான வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் உள்ள நகர மண்டபம், 2025 ஜனவரியில் பாதுகாக்கப்பட்ட நகரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மேயர் மிஷேல் வூ இதற்கு ஒப்புதல் அளித்தார். இதே கட்டடத்தை விற்றுவிடலாம் என்று 2006-இல் அப்போதைய மேயர் தாமஸ் மெனினோ முன்மொழிந்திருந்தார்.

1950-களில் பாஸ்டன் பொருளாதாரத் தேக்கத்தில் இருந்தது. நகரைப் புதுப்பிக்கும் திட்டத்தில், நாடக அரங்குகளும் மதுக்கூடங்களும் நிறைந்த ஸ்காலே சதுக்கம் இடித்துத் தள்ளப்பட்டது. அங்கு அமைந்த அரசு அலுவலக வளாகத்துக்கான பெருந்திட்டத்தை ஐ.எம்.பெய் வகுத்தார். நகர மண்டபத்துக்கென நடத்தப்பட்ட போட்டியில் 256 வடிவமைப்புகள் வந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்த கெர்ஹார்ட் கால்மன், மைக்கேல் மெக்கின்னல் ஆகியோர், எட்வர்ட் நோல்ஸுடன் இணைந்து அளித்த வடிவம் 1962-இல் வென்றது. அப்போது மெக்கின்னலுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டுமானம் 1963-இல் தொடங்கி 1968-இல் நிறைவுற்றது.

பூச்சின்றி விடப்பட்ட கான்கிரீட்டே இதன் முகம். 'புரூட்டலிசம்' எனப்படும் இப்பாணிக்கு வழிகாட்டியவர், சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே. அவர் பிரான்ஸில் கட்டிய லா தூரெத் மடாலயத்தின் சாயல் இக்கட்டடத்தில் தெளிவாகத் தெரிகிறது.

நகராட்சியின் பணிகளை வெளியிலிருந்தே படிக்கலாம் என்பதே வடிவமைப்பின் மையக் கருத்து. பொதுமக்கள் நாள்தோறும் வந்து செல்லும் பிரிவுகள் கீழே, செங்கல் பாவிய அடித்தளத்தில் உள்ளன. மேயர் அலுவலகமும் நகர மன்றக் கூடமும் நடுப்பகுதியில், வெவ்வேறு அளவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் அமைப்புகளாகத் தென்படுகின்றன. ஊழியர்களின் அலுவலகங்கள் மேல்தளங்களில் ஒரே சீரான சன்னல் வரிசைகளுக்குப் பின்னால் இயங்குகின்றன. இந்தத் தளங்கள் மேலே செல்லச் செல்ல வெளிநோக்கி விரிவதால், தலைகீழாகக் கவிழ்த்த படிக்கட்டு போன்ற தோற்றம் கிடைக்கிறது.

கட்டடக் கலைஞர்கள் கொண்டாடிய இந்த வடிவத்தை நகர மக்கள் பலர் ஏற்கவில்லை. உள்ளே வழி தேடி அலைய நேர்ந்தது. குளிர்காலத்தில் சூடேற்றுவதும் கோடையில் குளிர்விப்பதும் சிரமமாயின. நிழலற்ற செங்கல் சதுக்கம் பெரும்பாலும் வெறிச்சோடியே கிடந்தது. பயணிகளுக்கான இணையதளம் ஒன்று 2008-இல் வெளியிட்ட பட்டியலில், உலகின் அழகற்ற கட்டடங்களில் இது முதலிடம் பெற்றது. குறைகூறியவர்களைக் கலையறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. அவர்கள் சொன்ன வசதிக் குறைகள் பெரும்பாலும் உண்மையானவை.

மெனினோவின் விற்பனைத் திட்டம் பொருளாதார மந்தநிலைக்குப் பின் கைவிடப்பட்டது. இதனிடையே, சின்னமாக அறிவிக்கக் கோரி 2007-இல் அளிக்கப்பட்ட மனு நிலுவையிலேயே இருந்தது. 2017-இல் கெட்டி அறக்கட்டளை, கட்டடத்தின் பாதுகாப்புத் திட்டத்தைத் தயாரிக்க நிதியுதவி வழங்கியது. சாய்வுப் பாதை, மரங்கள், சிறுவர் விளையாட்டிடம் ஆகியவற்றுடன் புதுப்பிக்கப்பட்ட சதுக்கம் 2022-இல் திறக்கப்பட்டது. மனு அளிக்கப்பட்டு ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்துள்ள சின்ன அங்கீகாரத்தால், கட்டடத்தின் வெளித்தோற்றத்தில் இனி மாற்றம் செய்ய பாஸ்டன் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி தேவைப்படும்.