கருவுற்ற தாய்மாரும் தேகப்பயிற்சியும்

அண்ணாமலையை வலம் வருவோர் கால்நடையாய்க் கடக்கும் தொலைவு 14 கிலோமீட்டர். நடையையே வழிபாடாகக் கொண்ட இவ்வூரில், கருவுற்ற பெண்ணை மட்டும் நடக்கவிடாமல் உட்கார்த்திவைத்த வீடுகள் பல இருந்தன. என் வீடும் அவற்றுள் ஒன்று.

முற்காலத்தில் தாய்மாருக்கெனத் தனியே தேகப்பயிற்சி வேண்டியிருக்கவில்லை. நெல் குத்துவதும், மாவாட்டுவதும், நீர் இறைப்பதும் அன்றாடக் கடமைகளாய் இருந்தன. ஏழை வீட்டுப் பெண்கள் நிறைமாதத்திலும் நாற்று நட்டனர். அது பயிற்சியன்று, ஓய்வறியா உழைப்பு. செல்வர் வீட்டுப் பெண்களோ வாயிற்படி தாண்டாமல் இருத்தப்பட்டனர். இவ்விரு கோடிகளுக்கும் நடுவே வழிகாட்டும் பொறுப்பு, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளையும் செவிலியரையும் வந்தடைந்தது.

சென்னையில் பேறுகால மருத்துவமனை 1844-இல் தோன்றியது. அதுவே இன்றைய எழும்பூர் மருத்துவமனை. 1854-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1909-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1989-இல் தனி மாவட்டமாகும்வரை நம் திருவண்ணாமலையும் அதே வட ஆற்காட்டைச் சேர்ந்ததே. செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சென்னைச் சட்டம் 1926-இல் வந்தது.

அக்காலத்தில் காச்மீரத்தில் பணியாற்றிய காத்லீன் வாகன் என்னும் மருத்துவ அம்மையார் ஓர் உண்மையைக் கண்டார். கோஷா முறையில் வெயிலறியாது வாழ்ந்த பெண்களின் எலும்புகள் மென்மையுற்று, இடுப்புக்கூடு குறுகி, பேறு பெருந்துன்பமாயிற்று. திறந்த வெளியில் துடுப்பு வலித்து வாழ்ந்த ஓடக்காரப் பெண்களோ எளிதில் ஈன்றனர். இதனை 1928-இல் நூலாக வெளியிட்டார். இலண்டனில், செவிலியும் மருத்துவச்சியுமாகிய மின்னி ராண்டல் அம்மையார், பேற்றுக்கு உடலைப் பழக்கும் பயிற்சிகளை வகுத்து 1939-இல் நூல் எழுதினார்.

இவற்றையெல்லாம் நான் பின்னாளில் படித்தறிந்தேன். 1992-இல் என் மனைவி ஐந்து மாதக் கருவுற்றிருந்தபோது, கட்டிலைவிட்டு எழலாகாது என்று ஆணையிட்டவன் நானே. அங்கு வந்தார் கிராம சுகாதாரச் செவிலியர். இரத்த அழுத்தம் பார்த்தார். சோகை உண்டா, உதிரப்போக்கு உண்டா என்று வினவினார். பிறகு என்னை நோக்கி, “ஐயா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?” என்றார். “பிள்ளைகளின் உடலும் உள்ளமும் சோராதிருக்க” என்றேன். “அம்மாவுக்கும் அது வேண்டுமல்லவா?” என்றார். பிறருக்குப் பாடம் சொல்லும் நான் தலைகுனிந்தேன்.

அன்று மாலை முதல் இருவரும் நடந்தோம். மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுவே சரியான வேகம் என்று செவிலியர் எளிய அளவுகோல் தந்திருந்தார். சுகப்பிரசவமாயிற்று. நடையால்தான் ஆயிற்று என்று கணக்காசிரியனாகிய நான் சாதிக்கமாட்டேன்; ஒரே கணக்கைக் கொண்டு விதி எழுதலாகாது. ஆனால் எங்கள் வீட்டைவிட்டு அச்சம் அகன்றது உறுதி.

இன்று அம்மியும் உரலும் மூலைக்குப் போய்விட்டன. கருக்கால நீரிழிவு பெருகிவிட்டது. அதனைக் கண்டறியும் சோதனையைக் கர்ப்பிணிகள் அனைவருக்கும் செய்ய 2007-இல் தமிழக அரசு வழிவகுத்தது. அந்நோயைக் கட்டுப்படுத்த உணவு முறையோடு நடையும் துணைசெய்கிறது. தடையேதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்தில் 150 நிமிடமேனும் மிதமான பயிற்சி செய்யவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. உதிரப்போக்கு, மிகை இரத்த அழுத்தம், கடுஞ்சோகை, குறைமாதப் பேற்றின் அறிகுறி உடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. அதைப் பிரித்தறிந்து சொல்லவே செவிலியர் நம் வாயில் தேடி வருகின்றனர். அவர்தம் சொல்லைக் கர்ப்பிணி மட்டுமன்றி, மாமியாரும் கணவரும் கேட்டல் வேண்டும்.

சென்ற ஆண்டு என் மகள் கருவுற்று வந்திருந்தாள். ஒருநாள் மாலை அவள் எழக் கண்டதும், “உட்கார் அம்மா” என்று சொல்ல என் நா துடித்தது. அவளோ செருப்பை மாட்டிக்கொண்டு, “கூட வருகிறீர்களா அப்பா?” என்றாள். நானும் மேல்துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.