தீப்பற்றும் வெப்பநிலை
தீப்பற்றும் வெப்பநிலை என்பது ஒரு நீர்மத்தின் ஆவி காற்றுடன் கலந்து, அருகிலுள்ள சுடரால் கணநேரம் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை ஆகும். சுடரின்றித் தானே எரியத் தொடங்கும் வெப்பநிலை வேறு. அது மிக உயர்ந்தது.

இந்தியாவில் 1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் நீர்ம ஐதரோகார்பன்களை இதன்படி வகைப்படுத்துகிறது. 23 °செ-க்குக் கீழ் எனில் ஏ வகுப்பு; 23 முதல் 65-க்குள் பி; 65 முதல் 93-க்குள் சி.

வண்ணப்பூச்சுக் கரைப்பான்களான டொலுயீன் (4 °செ) ஏ வகுப்பையும், சைலீன் (ஏறத்தாழ 27 °செ) பி வகுப்பையும் சேர்ந்தவை. எனினும் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இவ்வேறுபாடு கோடையில் பெரிதும் மங்கிவிடுகிறது. மே மாதத்தில் அப்பகுதியில் நிழலிலேயே 40 °செ-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது பீப்பாயிலுள்ள சைலீனும் பற்றும் நிலையிலேயே இருக்கும். இதன் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு பரவி, தொலைவிலுள்ள பற்றவைப்புத் தீப்பொறியையும் எட்டக்கூடும்.