கோடா அவையம்

செட்டிநாட்டூர்கள் பலவற்றைத் தன்னகத்துக் கொண்ட சிவகங்கைச் சீமையின் சமீன்தார் கௌரிவல்லபத் தேவர் 1829-இல் ஆண்மகவின்றி இறந்தனர். சமீன் அவர்தம் தமையனார் வழியினர்க்கோ, மனைவி மக்கட்கோ என்றெழுந்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1863-இல் மகளார் காத்தம நாச்சியார்பால் முடிந்தது. தேவர் தாமே பெற்ற சொத்தாதலின் அது மகட்கு உரித்தென்பது தீர்ப்பு. நீதி கிடைத்தது, ஆயின் 34 ஆண்டு கழிந்தது.

மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரில், பண்டு கூடிய அவையத்தை ஈண்டு நினைக. வழக்கிட்டவர் துணையிலா முதியவர். எதிர்நின்றவர் மன்னர் வளர்த்த நம்பியாரூரர். அவையினர் ஆள்நோக்காது, மூலவோலையைப் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்புநோக்கி, அன்றே தீர்த்தனர். தோற்றவர் பகைகொள்ளாது இறைவற்கு ஆளாயினர்.

வழக்கை ஊரவையில் முடிப்பது நன்று, அவ்வவை கோடாதாயின். கோடுமாயின், எளியார்க்கு நீதிமன்றமே புகல். சைவர் நாடற்பாலது விரைவன்று; நடுவுநிலையே என்க.