எது சிறந்த பாகம்? கிந்தா பள்ளத்தாக்கில் சாகச விளையாட்டுகள் வந்த வழி

1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஆறு நாள் இடைவெளியில் நடந்த இரு நிகழ்ச்சிகள் மலேசியாவின் கோப்பெங் போன்ற சிறுநகரங்களின் பிற்கால வாழ்வை வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து தொட்டன. 18ஆம் தேதி ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம், 1983 முதல் தன் நாட்டில் ஃபேமிகாம் என்ற பெயரில் விற்றுவந்த வீட்டு விளையாட்டுக் கருவியை வடிவம் மாற்றி நியூயார்க்கில் விற்பனைக்கு வைத்தது. 24ஆம் தேதி, உலகச் சந்தையில் வெள்ளீய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக வெள்ளீய மன்றம் கடனைத் தீர்க்க வழியின்றி நொடிந்துபோக, லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகமே நிறுத்தப்பட்டது. முதல் நிகழ்ச்சி வீட்டுக்குள் உட்கார்ந்து குகைகளையும் காடுகளையும் சுற்றிவரும் ஒரு புதிய பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. இரண்டாவது, கோப்பெங் அமைந்திருக்கும், குகைகளும் காடுகளும் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத் தொழிலை ஒரேயடியாகச் சாய்த்தது.

ஈப்போவுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் அளவில் அமைந்த கோப்பெங், ஈயம் என்றே இங்கு வழங்கும் வெள்ளீயத்தால் எழுந்த ஊர். இயூ கோங் என்னும் சீன வணிகர், சுரங்கக் கூலிகளுக்கு மருந்து விற்பதற்காக 1879இல் இங்கே திறந்த சிறு கடையிலிருந்துதான் இயூ யான் சாங் என்ற பெரும் நிறுவனம் வளர்ந்தது. மலையிலிருந்து தண்ணீரைப் பெருங்குழாய்களில் இறக்கி, அதன் அழுத்தத்தால் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரிக்கும் முறை கோப்பெங் கன்சாலிடேட்டட் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் கீழ் இங்கே பெரிய அளவில் நடந்தது. தமிழர்களைப் பெருமளவில் கொண்டுவந்தது ஈயத்தைவிட ரப்பர் தோட்டங்களே. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் நிற்கும் கெல்லிஸ் கோட்டை அக்காலத்தின் கண்கூடான சான்று: ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை அது. அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்காக அவர் எழுப்பித்த மாரியம்மன் கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே கால்சட்டையும் தொப்பியும் அணிந்த துரையின் உருவம் இன்றும் காணப்படுகிறது. மறைவான சுரங்கப் பாதைகளைக் கொண்ட இந்த மாளிகையும், ஆறு ஊடுருவிப் பாயும் தெம்புரோங் சுண்ணாம்புக் குகையும், சாகச விளையாட்டை வடிப்போர் கற்பனையால் உருவாக்க முயலும் நிலப்பரப்பை இவ்வட்டாரத்தில் கைக்கெட்டும் தொலைவிலேயே வைத்திருக்கின்றன.

தொடராக வரும் ஒரு படைப்பில் எந்தப் பாகம் சிறந்தது என்று அணி பிரிந்து வாதிடும் வழக்கம் விளையாட்டுக் கருவிகளோடு பிறந்ததன்று. கோயில் திருவிழாவிலும் பள்ளி மண்டபத்திலும் நடுவர் ஒருவரை வைத்து இரு அணிகள் மோதும் பட்டிமன்றம் மலேசியத் தமிழர்களுக்கு நெடுங்காலப் பழக்கம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டப்பட்ட படங்களின் காலத்தில் எம்.ஜி.ஆர். அணி, சிவாஜி அணி என்ற பிரிவு தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகள்வரை புகுந்திருந்தது. அச்சிலும் இதற்கு இணை உண்டு. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரிட்டிஷ் இதழொன்றில் வெளிவந்த படக்கதையை இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் தமிழாக்கிற்று. 1984இல் அதே பதிப்பகக் குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் பிறந்தது. எந்த மாயாவி கதை உயர்ந்தது, எந்த டெக்ஸ் வில்லர் கதை உயர்ந்தது என்று அவற்றின் வாசகர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள். டெக்ஸ் வில்லர் இத்தாலியில் தோன்றியது 1948இல். தமிழுக்கு வந்ததோ 1980களில். ஆகவே இத்தாலிய வாசகர் தாத்தா காலத்திலிருந்து வரிசையாகப் படித்த ஒன்றைத் தமிழ் வாசகர் சிவகாசி எந்த வரிசையில் கொடுத்ததோ அந்த வரிசையில் படித்தார், அவருடைய தீர்ப்பும் அந்த வரிசையையே ஒட்டி அமைந்தது. விளையாட்டுத் தொடர்களின் வரலாற்றிலும் இதுவே நடந்தது. சிறந்த பாகம் எது என்ற வாதத்தில், படைப்பின் தரத்துக்கு நிகராக, அது எந்தக் கருவியில் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதும் தீர்ப்பளிக்கிறது.

சாகச விளையாட்டு என்பது, ஆடுபவர் ஒரு கதைமாந்தரை இயக்கி, அறியாத நிலங்களில் வழி தேடி, பூட்டிய கதவுகளுக்குச் சாவி கண்டு, புதிர்களை அவிழ்த்து முன்னேறும் வகை. இதன் தாய்த்தொடர்களுள் ஒன்றான ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ 1986 பிப்ரவரி 21இல் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ஷிகேரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகிலுள்ள சோனோபே என்ற ஊரில் சிறுவனாகக் குன்றுகளிலும் குகையிலும் அலைந்த நினைவே அதற்கு வித்து என்று பலமுறை கூறியிருக்கிறார். ஆட்டத்தின் முதற்காட்சியிலேயே ஒரு குகை வாய் திறந்திருக்கிறது. அதனுள் சென்றால்தான் வாள் கிடைக்கும். உலக அளவில் இத்தொடரின் சிறந்த பாகம் குறித்த வாதம், 1998இல் வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’, 2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ ஆகிய இரண்டையே பெரும்பாலும் சுற்றுகிறது.

மலேசியாவில் இந்த வாதம் அதே வடிவில் வேர்விடாததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980களின் இறுதியிலும் 1990களிலும் இந்நாட்டு வீடுகளில் பரவலாக இருந்தது நிண்டெண்டோவின் மூலக் கருவி அன்று. தைவானில் செய்யப்பட்டு மைக்ரோ ஜீனியஸ் என்ற பெயரில் மலிவாக விற்ற ஃபேமிகாம் நகற்கருவி. ஒரே அட்டையில், அதாவது கருவியின் மேல் செருகும் ஆட்டப் பெட்டியில், பல ஆட்டங்களை அடக்கிய தொகுப்புகள் அதனுடன் வந்தன. செல்டாவின் முதற்பாகமோ ஜப்பானில் தனி வட்டுக் கருவிக்காக எழுதப்பட்டது. ஃபேமிகாமுக்கான அட்டையாக அது அங்கே வந்தது 1994இல்தான். மேலும் ஆட்டத்தை நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்க அட்டைக்குள் சிறு மின்கலம் வேண்டும். மலிவுத் தொகுப்புகளில் அதற்கு இடமில்லை. ஆகையால் ஒரே அமர்வில் ஆடி முடிக்கக்கூடியவையே அத்தொகுப்புகளை நிறைத்தன. ஹட்சன் நிறுவனத்தின் ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ அவ்வகையில் நன்கு அறிமுகமான ஒரு தொடர். 1986இல் தொடங்கிய அதன் முதற்பாகம் ஈவிரக்கமற்ற கடினத்துக்குப் பேர்போனது. 1991இல் வந்த இரண்டாம் பாகம் டைனோசர்மேல் ஏறிச் செல்ல விட்டது. 1994 ஜூனில் வந்த நான்காம் பாகம், ஃபேமிகாமுக்காக வெளியான கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் என்ற சிறப்பைப் பெற்றும் ஜப்பானுக்கு வெளியே விற்கப்படவில்லை. கட்டமைப்பில் உண்மையான சாகச விளையாட்டுக்கு மிக நெருங்கியது அந்த நான்காம் பாகமே. அது எட்டாத ஊர்களில், முதல் மூன்றுக்குள் மட்டுமே தீர்ப்பு சொல்ல முடிந்தது.

இக்கருவிகள் வீட்டுக்குள் நுழைந்த காலம், வீடுகளே இடம்பெயர்ந்த காலமும் ஆகும். பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, வேறு சில வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயங்களில் பிறந்தவர்கள் ஈப்போ, கம்பார், கோப்பெங் போன்ற ஊர்களின் ஓரங்களில் குடியேறினார்கள். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தொடங்கிய சுதந்திர வணிக வட்டாரம் இன்டெல் உள்ளிட்ட மின்னணுத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தது. பிறகு ஈப்போ வட்டாரத்திலும் சில்லுகளைப் பொதியும் ஆலைகள் எழுந்தன, பால் மரம் வெட்டிய குடும்பங்களின் பெண்மக்கள் அத்தகைய ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அக்காலத்து விளையாட்டுக் கருவியின் சுற்றுப்பலகையில் உறுப்புகளைப் பிணைத்த பற்றாசில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வெள்ளீயம். உலகின் மிகப்பெரிய வெள்ளீய வயல்களுள் ஒன்றான கிந்தா பள்ளத்தாக்கின் உலோகம் இத்தொழிலுக்கு அந்நியமானதன்று என்பதை இந்த வரலாற்றைப் படிப்போர் நினைவில் கொள்வது நல்லது.

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன், மலேசியாவின் நிலைமையை அடியோடு மாற்றியது. நிண்டெண்டோவின் அடுத்த கருவி அட்டையையே பிடித்துக்கொண்டிருக்க, பிளேஸ்டேஷன் குறுவட்டுக்கு மாறியது; குறுவட்டைப் படியெடுப்பது எளிது, மலிவு. பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைகளில் பாட்டு வட்டுகளுக்குப் பக்கத்தில் ஆட்ட வட்டுகளும் சில வெள்ளிக்கு அடுக்கி விற்கப்பட்டன. 2000இல் நாடாளுமன்றம் ஒளிவட்டுச் சட்டத்தை இயற்ற நேர்ந்தது இந்த வணிகத்தின் வீச்சை உணர்த்தும். படைத்தவருக்கு உரிய கூலி சென்று சேராத அந்த வணிகத்தை நியாயப்படுத்த இயலாது. எனினும் ஒரு தலைமுறையின் சுவையை உருவாக்கியதில் அதன் பங்கை மறைப்பது வரலாறாகாது. படியெடுக்க எளிதான கருவியின் தொடர்களே பரவின. ‘ஒக்கரினா’வின் இடத்தில் இங்கே ‘டூம் ரெய்டர்’ நின்றது.

இங்கிலாந்தின் டார்பி நகரிலிருந்த கோர் டிசைன் என்ற சிறு நிறுவனம் 1996இல் வெளியிட்ட அத்தொடரில், லாரா கிராஃப்ட் என்னும் பெண் தொல்பொருள் ஆய்வாளர் பாழடைந்த கோயில்களிலும் கல்லறைகளிலும் தேடல் நடத்துகிறார். முதற்பாகத்தின் முதல் கட்டத்தின் பெயரே ‘குகைகள்’. பெரும்பகுதி இசையின்றி, காலடி ஓசையும் நீரொலியும் மட்டும் கேட்கும் அதன் தனிமையை உயர்த்திப் பேசுவோர் ஓர் அணி. 1997இல் வந்த இரண்டாம் பாகத்தின் சீனப் பெருஞ்சுவரையும் வெனிஸ் நகரத்தின் படகுகளையும் பாராட்டுவோர் மற்றோர் அணி. இவ்விரு அணிகளின் பூசலில் கலைச்சுவையாகத் தோன்றுவதன் அடியில் ஒரு தொழில்நுட்ப வேறுபாடு கிடக்கிறது. பிளேஸ்டேஷனில் முதற்பாகத்தை ஆடியவர், ஆங்காங்கே வைக்கப்பட்ட படிகங்களை அடைந்தால் மட்டுமே தம் முன்னேற்றத்தைச் சேமிக்க முடிந்தது. இரண்டாம் பாகத்தில் எங்கு வேண்டுமானாலும் சேமிக்கலாம். மூன்றாம் பாகத்தில் படிகங்களைத் தேடிச் சேர்த்து, எண்ணிச் செலவிட வேண்டும். அதே மூன்றாம் பாகம் கணினியில் ஆடியவருக்கு இத்தடையை வைக்கவில்லை. சேமிப்புக்கு வேண்டிய நினைவக அட்டையைத் தனியாக வாங்க வேண்டியிருந்ததால், அது இல்லாத வீட்டில் கருவியை அணைத்தவுடன் அன்றைய உழைப்பெல்லாம் அழிந்தது. சைபர் கஃபேயில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினி வழியே ஆடியவரும், வீட்டில் நினைவக அட்டையின்றி ஆடியவரும் ஒரே ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பெயர் மட்டுமே ஒன்று.

1998இல் வந்த மூன்றாம் பாகம் தமிழ் ஆட்டக்காரருக்குத் தனிப் பொருள் உடையது. ஏனெனில் அது இந்தியாவில் தொடங்குகிறது. காடு, கோயில் இடிபாடு, கங்கையாறு, காளியன் குகைகள் என்று விரியும் அக்கட்டங்களில், ஆறு கைகளில் வாளேந்திய சிலைகள் உயிர்பெற்று லாராவைத் தாக்குகின்றன. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, வழிபாட்டுக்குரிய வடிவம் வெறும் தடையாக, சுட்டு வீழ்த்தும் இலக்காக வைக்கப்பட்டிருப்பது உறுத்தலாகவே இருந்திருக்கும். 2024 பிப்ரவரி 14இல் முதல் மூன்று பாகங்களும் புதுப்பித்து வெளியிடப்பட்டபோது, பழைய ஆட்டங்களில் இனம் சார்ந்த தவறான சித்திரிப்புகள் உள்ளன என்ற அறிவிப்பு முகப்பிலேயே வைக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க மற்றொரு படைப்பு, ‘அன்சார்ட்டட்’ தொடரில் 2017இல் வந்த ‘தி லாஸ்ட் லெகசி’. மேற்குத் தொடர்ச்சி மலையில் நிகழும் அது ஹொய்சாளர் கலையை, குறிப்பாக பேலூர், ஹளேபீடு கோயில்களை அடிப்படையாகக் கொண்டது. இந்தியத் தந்தைக்குப் பிறந்த குளோயி ஃபிரேசர் என்பவரே அதன் நாயகி. கற்பனை கலந்ததாயினும், கல்லில் உள்ளதை உற்றுப் பார்த்துச் செய்த உழைப்பு அதில் தெரிகிறது. இந்திய நிலத்தைச் சித்திரித்த முறையை அளவுகோலாகக் கொண்டால், பத்தொன்பது ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரண்டில் பிந்தியதே மேலானது என்பதில் ஐயமில்லை.

டூம் ரெய்டரின் பின்வரலாறு சுருக்கமானது. ஆண்டுக்கொன்றாக வெளியிட்ட களைப்பில் 2003இல் அரைகுறையாக வந்த ‘தி ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்’ தோற்க, தொடர் கோர் டிசைனின் கையைவிட்டு அமெரிக்காவின் கிறிஸ்டல் டைனமிக்ஸிடம் போயிற்று. 2006இலும் 2013இலும் அது புதிதாகத் தொடங்கப்பட்டது. அகன்ற அலைவரிசை இணையமும் முறையான விற்பனையும் பரவியபின் கோப்பெங்கிலும் டார்பியிலும் ஒரே நாளில் ஒரே வடிவம் கிடைக்கிறது. அதன்பின் பிறந்த வாதங்களில் ஊர் வேறுபாடு மங்கிவிட்டது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளின் வாதங்களில்தான் ஒவ்வோர் ஊரின் தடம் பதிந்திருக்கிறது.

டூம் ரெய்டரின் முதல் மூன்று பாகங்களுக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டுமெனில், கிந்தா வட்டாரம் போன்ற இடங்களின் ஆட்டக்காரர் நிலையிலிருந்து பார்க்க, முதலிடம் இரண்டாம் பாகத்துக்கே உரியது. நினைவக அட்டை ஒன்று மட்டும் இருந்தால் கிடைத்த நேரத்தில் ஆடி, நினைத்த இடத்தில் நிறுத்த விட்டது அதுவே. வேலையும் பள்ளியும் டியூஷனும் போக எஞ்சிய மாலைப்பொழுதுக்கு அது பொருந்தியது. தனிமையின் அழகில் முதற்பாகம் அதனினும் உயர்ந்தது என்போரின் வாதம் வலுவானதே, ஆனால் அந்த அழகை முழுமையாகச் சுவைக்கத் தடையற்ற நேரம் வேண்டும். அந்த வசதி எல்லா வீட்டுக்கும் வாய்க்கவில்லை.

கோப்பெங் அருங்காட்சியகத்தில் ஈயக் காலத்தின் கருவிகளும் பழைய வீட்டுப் பொருள்களும் காக்கப்படுகின்றன. மைக்ரோ ஜீனியஸ் கருவியும், கையெழுத்தில் பெயர் எழுதிய ஆட்ட வட்டும், படிகங்களைக் கணக்கு வைத்த பள்ளி நோட்டும் இன்னும் பல வீடுகளின் அலமாரிகளில் கிடக்கலாம். மலேசியத் தமிழர் சமூக வரலாற்றை எழுதுவோர், இப்போது நாற்பது வயதைக் கடந்தோரிடம் எந்தப் பாகம் சிறந்தது என்று கேட்கும்போது, அதை எந்த ஆண்டில், எந்தக் கருவியில், யார் வீட்டில் ஆடினார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.