மஞ்சளைத் தேடி வந்த மிஸிகள்

தோட்டத்து வீடுகளில் பிள்ளை பிறந்ததும் முதலில் திறப்பது இரும்புப் பெட்டியைத்தான். மூத்த பிள்ளை போட்ட சட்டை, துண்டு, தொட்டில் சேலை எல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்கும். அரிக்காமல் இருக்க நடுவில் நாலைந்து பூச்சி உருண்டை. மூடியைத் தூக்கியதும் குப்பென்று ஒரு வாசனை வரும். நம்மில் பலருக்கு அது பாட்டி வீட்டு வாசனை. ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த வாசனையே எமன். இதை ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஒரு தலைமுறை மருத்துவர்களும் தாதியரும் கண்டுபிடித்துச் சொன்ன கதை நமக்கு அதிகம் தெரியாது.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும். ரத்த அணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பச்சைப் பிள்ளையின் கல்லீரல் அதை வெளியேற்றப் பழகச் சில நாள் ஆகும். பழகியதும் மஞ்சள் போய்விடும். அதுவே அளவுக்கு மீறினால் மூளைக்குள் போய்ப் படியும். 1904இல் ஷ்மோர்ல் என்ற ஜெர்மன் மருத்துவர், இறந்த குழந்தைகளின் மூளைக்குள் இருக்கும் கருக்களில் மஞ்சள் படிந்திருப்பதைப் பார்த்து இதற்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயர் வைத்தார். கெர்ன் என்றால் கரு, இக்டெரஸ் என்றால் காமாலை.

செத்த பிள்ளைகளின் கதை அதோடு முடிந்தது. பிழைத்தவர்களுக்குக் கை கால் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். காது கேட்காமல் போகலாம். கண்ணை மேலே உயர்த்த முடியாது. சாப்பாட்டை விழுங்குவதே பெரிய பாடு. ஆனால் புத்தி பல நேரம் தெளிவாகவே இருக்கும். எல்லாம் புரியும், பதில் சொல்ல வாய் வராது. அப்படி ஒரு பிள்ளைக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று நமக்குத் தெரியாதா? “சாமி குத்தம்”, “கிரகணத்துல அம்மா வெளிய வந்துட்டா” என்று பழி பெரும்பாலும் தாய் தலையில்தான் விழும். விடியும் முன்னே பால் மரம் வெட்டப் போகிறவள் அவனை யாரிடம் விட்டுப் போவாள்? ஆயாக் கொட்டகையில் ஓடி ஆடும் பிள்ளைகளைப் பார்க்கவே ஆயாவுக்கு நேரம் போதாது.

ஏன் சில பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி ஆகிறது என்ற கேள்விக்கு விடை மலேரியா பக்கமிருந்து வந்தது. பிரிமாகுவின் என்ற மலேரியா மாத்திரை சிலருக்கு மட்டும் ரத்த அணுக்களை உடைப்பதை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள், அவர்கள் ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பதை 1956இல் கண்டுபிடித்தார்கள். இது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் பிறவிக் குறைபாடு. அதிகம் பாதிக்கப்படுவது ஆண் பிள்ளைகள். மலேரியா தலைமுறை தலைமுறையாக ஆளை அடித்த நிலங்களில்தான் இது அதிகம், ஏனென்றால் இந்தக் குறை இருப்பவரை மலேரியா அவ்வளவு சுலபமாகக் கொல்வதில்லை. ஒரு சாவிலிருந்து தப்பிக்க உடம்பு கொடுத்த விலை என்று சொல்லலாம். நம் வட்டாரத்தில் சீனர், மலாய்க்காரர் பிள்ளைகளிடம் இது கூடுதல். இந்தியரிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இந்தக் குறையுள்ள பிள்ளையின் அணுக்களை உடைக்கச் சின்னக் காரணம் போதும். பூச்சி உருண்டையில் இருக்கும் நாப்தலின் அதில் ஒன்று. வாசனை மூச்சிலும் தோலிலும் போனாலே ஆபத்துதான்.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் கெர்னிக்டெரஸ் பச்சைப் பிள்ளைகளின் பெரிய எமனாக இருந்தது. குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன் அதன் காரணத்தை ஜி6பிடியில் தேடினார். 1960களின் நடுவில் அங்கே பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. குறை இருந்தால் பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆபத்துக் காலம் தாண்டும்வரை ஆஸ்பத்திரியிலேயே தாதியர் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். சீன வீடுகளில் பிள்ளைக்குக் கொடுத்த ஹுவாங் லியான் என்ற கசப்பு மூலிகையும் சந்தேகத்துக்கு ஆளாகி, அதிலிருக்கும் பெர்பெரினை 1978இல் சிங்கப்பூர் தடை செய்தது. பல வருடம் கழித்து அந்தத் தடை தளர்ந்தது. மலேசியாவில் தொப்புள்கொடி ரத்தச் சோதனை 1980களில் பரவலானது. 1924இல் திறந்த காஸ்வேயைத் தாண்ட ஒரு சோதனைக்கு இத்தனை வருடம் பிடித்தது!

மருந்து பக்கம் நடந்ததில் ஒரு தாதிக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் இங்கிலாந்து எசெக்ஸில் ரோச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வார்ட், வெயில் நாளில் அவர்களை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஒரு பிள்ளையை மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பு முழுக்க வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சள். ஒளி மஞ்சளைக் கரைக்கிறது என்பது அங்கிருந்துதான் விளங்கியது. 1958இல் கிரெமரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆய்வை வெளியிட்டார்கள். இன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆதி அந்த முக்கோணம்.

“இதத்தானே எங்க பாட்டி செஞ்சாங்க, காலை வெயில்ல காட்டுனாங்க” என்று யாராவது சொல்வார்கள். சொல்லத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் முழுக் கதை அவ்வளவு சுகமில்லை. பத்து நிமிட இளவெயில் ஏறிக்கொண்டிருக்கும் பிலிருபினை நிறுத்தாது. “வெயில்ல காட்டுனா சரியாப் போயிடும்” என்று காத்திருந்த இரண்டு நாளில் மூளை போன பிள்ளைகள் உண்டு. நம் வழக்கமே மஞ்சளை மறைக்கவும் செய்தது. பிள்ளையை மஞ்சள் தடவிக் குளிப்பாட்டினோம். காத்து பட்டுவிடும் என்று ஜன்னலைச் சாத்திய இருட்டறையில் வைத்தோம். கறுத்த தோலில் மஞ்சள் சுலபமாகத் தெரியாது. அறிவு இருந்தது, அதோடு கண்ணைக் கட்டும் பழக்கமும் சேர்ந்தே இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துப் பெருமைப்படுவது வரலாறு ஆகாது.

அந்த இருட்டறைக்குள் வந்தவர்தான் மிஸி. சுதந்திரத்துக்குப் பிறகு பரவிய கிராமச் சுகாதாரத் திட்டத்தில் பிடான்களும் சமூகத் தாதியரும் பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாளில் பலமுறை வீட்டுக்கே வந்தார்கள். “ஜன்னலத் தொறங்கம்மா, புள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டாங்க” என்பதுதான் முதல் வார்த்தை. மூக்கில், நெஞ்சில், பாதத்தில் விரலை அழுத்தி எடுத்துத் தோலின் நிறம் பார்ப்பார்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். காலுக்கு வந்துவிட்டால் நிலைமை மோசம். பால் குடிக்கிறானா, அழுகை கீச்சென்று மாறியிருக்கிறதா, முதுகை வில்லாக வளைக்கிறானா என்று கேட்பார்கள். “குனிங் ஏறுது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் பத்தியம், தீட்டு, நல்ல நேரம் எல்லாம் ஒதுங்க வேண்டும். மாமியாரோடு சண்டை போட்டு ஒரு பிள்ளையை வெளியே கொண்டுவருவதும் மருத்துவம்தான்.

தோட்டத்து வரலாற்றில் கங்காணி இருக்கிறார், கிராணி இருக்கிறார், தொழிற்சங்கம் இருக்கிறது. மிஸி அதிகம் இல்லை. அவர் காப்பாற்றிய பிள்ளைக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதனால் சொல்லக் கதை இல்லை. எந்தத் தழும்பும் இல்லாமல் வளர்ந்து, கல்யாணம் கட்டி, இன்று பேரப்பிள்ளை எடுத்திருக்கும் அந்த ஆளுக்குத் தன் பத்தாவது நாளில் ஒருவர் ஜன்னலைத் திறந்தது தெரியாது.

கெர்னிக்டெரஸ் இன்னும் அடியோடு ஒழியவில்லை. தாமதமாக வரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. முன்பே தப்பாமல் போனவர்களும் நம்மோடு இருக்கிறார்கள், நாற்பது ஐம்பது வயதில், இன்னும் அம்மா கையால் சோறு ஊட்டிக்கொண்டு. அடுத்த முறை அப்படி ஒருவரைப் பார்த்தால் அவருக்குப் புரியாது என்று நினைத்து அவர் தலைக்கு மேலே பேசாதீர்கள். நேராகப் பார்த்துப் பேசுங்கள். பெரும்பாலும் அவருக்குப் புரியும்.